காய்கறி கீஷ் தின்றால் காய்கறி தின்ற கணக்கில் வருமா?

கேள்வி: 12 அக்டோபர் 2024
பாரிசுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து மதியச் சாப்பாடு ஆபீசுக்குக் கீழே இருக்கும் பூலான்ஜெரியில் (ரொட்டிக்கடை) தான். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். ஹாம் சாண்ட்விச்சை விட்டுவிட்டுத் தினமும் கீஷ் (மாவுத்தட்டில் முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடும் பிரெஞ்சுப் பலகாரம்) ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடுகிறேன், லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி) போட்டதோ கூர்ஜெத் (சுக்கினி) போட்டதோ. இது போதும்தானே? வீட்டிலும் செய்து பார்த்தேன், அடிப்பக்கம் கூழாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

12 அக்டோபர், இரவு
போதாது.

பிரெஸ்ஸரி (பிரெஞ்சுச் சாப்பாட்டுக்கடை) அடுப்படியில் கீஷ் போட்டுப் பழகிய ஆள் நான், காரைக்கால்காரன். உள்ளே என்ன போகிறது என்று சொல்கிறேன், நீங்களே கணக்குப் போடுங்கள். 28 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு மைதா 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், 3 முட்டை, முழுக்கொழுப்பு க்ரெம் (க்ரீம்) 20 சென்டிலிட்டர், பால் 20 சென்டிலிட்டர், துருவிய எம்மந்தால் சீஸ் 100 கிராம். காய் எவ்வளவு என்பது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. தாராளமானவர் 500 கிராம் லீக்ஸ் போடுவார். அதை ஆறாக வெட்டினால் ஒரு துண்டில் லீக்ஸ் 80 கிராம் சொச்சம். கொழுப்பு 30 கிராமுக்கு மேல், கலோரி 480 பக்கம் வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது பழமும் காயும் சேர்த்து நாளுக்குக் குறைந்தது 400 கிராம். பிரான்சில் 2007-லிருந்து சாப்பாட்டு விளம்பரங்களின் அடியில் ஓடுகிறதே, ‘நாளுக்குக் குறைந்தது ஐந்து பழம் காய்கறி’ என்று, அதுவும் இதே கணக்குதான். ஒரு பங்கு 80 கிராம். ஆக, தாராளமான கடையில் வாங்கினால் ஐந்தில் ஒன்று தேறுகிறது. மிச்சம் நாலு?

உங்களுக்கு ஏறியிருப்பதோ கெட்ட கொலஸ்ட்ரால். வெண்ணெய், க்ரெம், சீஸ் மூன்றிலும் இருக்கும் நிறைவுற்ற கொழுப்புதான் அதை ஏற்றுகிறது. சாண்ட்விச்சை விட்டது சரி. ஆனால் அந்த இடத்துக்கு நீங்கள் கொண்டுவந்த ஆளும் லேசுப்பட்டவர் இல்லை.

13 அக்டோபர்
காலையில் மறுபடி படித்துப் பார்த்தேன், கொஞ்சம் கடுப்பாக எழுதியதுபோல் இருக்கிறது. கீஷ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அது எப்போதுமே காய்கறிப் பலகாரமாக இருந்ததில்லை, அவ்வளவுதான். கீஷ் பிறந்த ஊரான, பிரான்சின் வடகிழக்கு லொரேன் பக்கத்துப் பழைய கீஷில் மாவு, முட்டை, க்ரெம், உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகள். காய் கிடையாது. சீஸ்கூடக் கிடையாது. அந்த வட்டாரத்து நான்சி நகரப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஷெஃப், சீஸ் தூவுகிறவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தூவச் சொல்லி ஆர்டர் போடுகிறவரும் அவரேதான்.

அப்புறம், காய் என்ற பெயர் ஒட்டியிருப்பதாலேயே காயாகிவிடாது என்பது நம்ம ஊருக்கும் பொருந்தும். ஒரு தட்டுச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். நாமும் காய் சாப்பிட்டோம் என்றுதான் எழுந்திருக்கிறோம். அந்த 400 கிராமில் உருளை சேராது, மரவள்ளியும் சேராது. மாவுச்சத்துப் பக்கம் போய்விடும்.

14 அக்டோபர்
அடிப்பக்கம் கூழாவது பற்றி.

காரணம் ஒன்றே ஒன்றுதான், தண்ணீர். கூர்ஜெத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். காளானும் தக்காளியும் கிட்டத்தட்ட அப்படியே. பச்சையாக வெட்டி மாவின் மேல் பரப்பி முட்டைக் கலவையை ஊற்றினால், ஓவனுக்குள் போனதும் காய் அழத் தொடங்கும். அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் கீழேதான்.

கூர்ஜெத்தை வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, ஓட்டைப் பாத்திரத்தில் அரைமணி போடுங்கள். பிறகு ஒரு துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். கிண்ணத்தில் இறங்கும் பச்சைத் தண்ணீரைப் பார்த்தால் இவ்வளவும் கீஷுக்குள்ளா போயிருக்கும் என்று இருக்கும். (கலவைக்கு உப்பைக் குறைத்துவிடுங்கள், காயிலேயே ஏறியிருக்கும்.) காளானை எண்ணெய் இல்லாமல் சூடான வாணலியில் போட்டால் முதலில் தண்ணீர் விடும், அது வற்றி ‘கிரீச்’ என்று சத்தம் வந்த பிறகுதான் எண்ணெய். உறையவைத்த பசலை என்றால் கரைந்ததும் கைப்பிடி கைப்பிடியாகப் பிழியவேண்டும். பிழிந்தது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு தடவை.

லீக்ஸ் வேறு மாதிரி. நீளவாக்கில் பிளந்து, மடல் மடலாக விரித்துக் குழாயடியில் காட்டுங்கள். உள் மடல்களில் மண் இருக்கும், வட்டமாக வெட்டிய பிறகு கழுவினால் முழுதாகப் போகாது. அரை அங்குலமாக நறுக்கி, கொஞ்சம் வெண்ணெயோ எண்ணெயோ விட்டு, சின்னத் தீயில் மூடி இருபது நிமிஷம், பிறகு மூடியைத் திறந்து பத்து நிமிஷம். நிறம் மாறக் கூடாது. கரண்டியால் ஒதுக்கினால் வாணலியின் அடி காய்ந்து தெரியவேண்டும், அதுதான் பதம்.

அடுத்தது மாவு. விரித்துத் தட்டில் பதித்து, முள்கரண்டியால் குத்தி, மேலே ஒரு பேக்கிங் தாள், அதன்மேல் காய்ந்த கொண்டைக்கடலை. 180 டிகிரியில் பதினைந்து நிமிஷம். கடலையையும் தாளையும் எடுத்துவிட்டு, முட்டை வெள்ளைக்கருவை மெல்லிசாகத் தடவி இன்னும் ஐந்து நிமிஷம். அந்தப் பூச்சு உறைந்து ஈரத்தைத் தடுக்கும். கொண்டைக்கடலையை ஒரு டப்பாவில் எடுத்துவையுங்கள், வருஷக்கணக்கில் வரும். சுண்டல் செய்யப் போய்விடாதீர்கள்.

கடையில் சுருட்டி விற்கும் மாவுக்கும் இதே வைத்தியம்தான்.

14 அக்டோபர், பின்னிரவு
விட்டுப்போனது: பீங்கான் தட்டு பார்க்க அழகு, ஆனால் சூடு ஏறச் சுணங்கும். மெல்லிய கறுப்புத் தகரத் தட்டு வாங்குங்கள். ஓவனில் கீழ் அடுக்கில் வையுங்கள்.

16 அக்டோபர்
ரவை தூவினால் போதாதா என்று ஒருவர் கேட்கிறார். நல்ல யோசனைதான். வெந்த மாவின்மேல் ஒரு ஸ்பூன் ரவை தூவினால் மிச்ச ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தக்காளி போடுகிறவர்கள் திஜோன் கடுகு விழுதைத் தடவுகிறார்களே, அது ருசிக்கும் ஆகும். ஆனால் பிழியாத கூர்ஜெத்தை ரவை காப்பாற்றாது.

20 அக்டோபர்
அங்கே கீஷ் சுட முடியுமா என்று திருச்சியிலிருந்து கேட்டவருக்கு: ஓடிஜி அடுப்பே போதும், கீழ்க்கம்பி மட்டும் முதலில், மேல்க்கம்பி கடைசிப் பத்து நிமிஷத்துக்கு. அங்கே அட்டைப்பெட்டியில் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் க்ரீம் 25 சதவீதக் கொழுப்பு, இங்கே முழு க்ரெம் 30. வித்தியாசம் தெரியாது. வெந்துவிட்டதா என்று பார்க்கக் கத்தி குத்தாதீர்கள். தட்டை லேசாக ஆட்டுங்கள். ஓரம் நிலைத்து, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தளதளவென்று ஆடினால் வெளியே எடுத்துவிடலாம். முட்டையும் பாலும் சேர்ந்த கலவை 80 டிகிரி பக்கத்தில் உறையும், அதை நன்றாகத் தாண்ட விட்டால் திரிந்து தண்ணீர் பிரியும். உப்பி எழும்பிய கீஷ் வெந்த கீஷ் என்று நினைத்துக்கொள்கிறோம். அது வெந்து தாண்டிவிட்டது.

முட்டை சேர்க்காதவர்கள் கீஷை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. முட்டைதான் அங்கே வேலை செய்கிறது. கடலை மாவைக் கரைத்துக் காய் போட்டுச் சுட்டால் அருமையான பண்டம் வரும், நீஸ் நகரத்தில் கடலை மாவில் ‘சொக்கா’ என்று பெரிய தட்டில் சுட்டு விற்கிறார்கள். அது தனிப் பலகாரம், அதன் மரியாதை அதற்கு.

2 நவம்பர்
கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார்: சரி, கொழுப்பு கூடாது, காய் வேண்டும், கீஷும் வேண்டும், வழி உண்டா?

உண்டு. மாவுத்தட்டையே தூக்கிவிடுங்கள். இந்த ஊர் வீடுகளில் வாரநாள் சாப்பாடாக நடப்பதுதான். 4 முட்டை, மைதா 100 கிராம், கொழுப்பு குறைத்த பால் அரை லிட்டர், சீஸ் 50 கிராம், மிளகு, கொஞ்சம் ஜாதிக்காய். முதலில் முட்டையையும் மாவையும் கட்டியில்லாமல் அடித்துவிட்டு, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். தோசை மாவைவிட நன்றாக நீர்த்திருக்கும், பயப்படவேண்டாம். காய் ஒரு கிலோ. ஆமாம், ஒரு கிலோ, நறுக்குவதற்கு முன் அல்ல, தோல் சீவிக் காம்பு நீக்கிய பிறகு. இரண்டு ஸ்பூன் எண்ணெயில் வதக்கினால் அது பாதியாகச் சுருங்கிவிடும், தட்டில் அடங்கும். 180 டிகிரியில் நாற்பது நிமிஷம்.

அதே ஆறு துண்டு. ஒரு துண்டுக்குக் காய் 160 கிராமுக்கு மேல், அதாவது இரண்டு பங்கு. கலோரி 260 பக்கம். இதற்கும் பூலான்ஜெரித் துண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது நியாயமா என்று லொரேன்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும்.

எனக்குப் பிடித்த கூட்டு லீக்ஸ் பாதி, காரட் கால், பட்டாணி கால். குடைமிளகாய் போடுகிறவர்கள் தோல் கருகச் சுட்டு உரித்துப் போடவேண்டும், இல்லாவிட்டால் தோல் மட்டும் வாயில் சுருண்டு நிற்கும்.

3 நவம்பர்
உறையவைத்த காய் சத்தில்லாதது என்று இங்கே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். பறித்த உடனே உறையவைப்பதால் சத்தில் அப்படி ஒன்றும் குறையாது. சந்தையில் வாங்கி ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடவிட்ட பசலையைவிட, பையில் வரும் உறையவைத்த பசலை மேல். சாஸ் கலந்து விற்பதை மட்டும் தொடாதீர்கள்.

17 நவம்பர்
பேச்சு லீக்ஸ் பக்கம் போய்விட்டதால் சொல்கிறேன். எங்கள் அடுப்படியில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் இருக்கிறார். பாரிஸ் அடுப்படிகளில் அவர்கள் இல்லாத இடம் உண்டா என்ன. ஷெஃப் லீக்ஸின் கரும்பச்சை மேல்பாகத்தை வெட்டிக் குப்பைக்கு ஒதுக்குவார், அண்ணன் அதை ஒரு டப்பாவில் சேர்த்துக்கொள்வார். நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அதை மெல்லிசாக, ரொம்ப மெல்லிசாக அரிந்து, கடுகு, செத்தல் மிளகாய், வெங்காயம் தாளித்து, மஞ்சள் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ. லீக்ஸ் வறை. நுவரெலியாவில் விளைகிற காய் என்பதால் அவர்களுக்கு அது பிரெஞ்சுக் காயே இல்லை, ஊர்க்காய்.

அதைச் சாப்பிட்ட அன்றைக்கு எனக்கு உறைத்தது: ஒரு ஆளுக்கு 150 கிராம் லீக்ஸ் சாதாரணமாக உள்ளே போகிறது, முட்டையும் இல்லை, க்ரெமும் இல்லை, பத்து நிமிஷ வேலை. காய்கறியைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் பொரியலும் கூட்டும் தெரிந்த நாம் ஏன் கீஷைக் கட்டி அழுகிறோம்? ஷெஃபுக்கு ஒரு வாய் கொடுத்தோம். ‘கறி மசாலாவா?’ என்றார். மஞ்சளாக எது இருந்தாலும் அவருக்குக் கறி மசாலாதான்.

18 நவம்பர்
நேற்று எழுதியதற்குப் பதில் சொல்ல ஒருவர் வந்துவிட்டார்: ஆபீஸ் மைக்ரோவேவில் தாளிப்பைச் சூடாக்கினால் மொத்த மாடியும் திரும்பிப் பார்க்கிறது, கீஷ் என்றால் யாரும் கேட்பதில்லை. நியாயம். டப்பாவில் நிற்கிறது, ஆறினாலும் ருசிக்கிறது, கையால்கூடச் சாப்பிடலாம். கீஷுக்கு அந்த வசதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

5 ஜனவரி 2025
கொழுப்பு பற்றி முதல் நாள் எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். காரட், பூசணி, பசலை, தக்காளி இவற்றில் இருக்கும் நிறமிச் சத்துகள் (பீட்டா கரோட்டின், லைகோபீன்) கொழுப்பில் கரைகிறவை. கொஞ்சம் எண்ணெய் சேராவிட்டால் உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. வேகவைப்பதும் உதவும். எண்ணெயே இல்லாத பச்சைக் காரட்டைவிட வதக்கிய காரட்டிலிருந்து அந்தச் சத்து நன்றாக ஏறும். அதனால் கீஷில் இருக்கும் கொழுப்பு முழுக்க வீண் என்று சொல்லமுடியாது. ஆனால் அதற்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். அரை டப்பா க்ரெமுக்கு இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

19 ஜனவரி
ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: அப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார், கீரையே கூடாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், பசலை கீஷ் கொடுக்கலாமா?

எந்த மாத்திரை என்று முதலில் பாருங்கள் அம்மா. வார்ஃபரின் வகை என்றால் கீரையில் இருக்கும் வைட்டமின் கே அதன் வேலையைக் குறைக்கும். அங்கேயும் சொல்வது ‘கீரையே கூடாது’ என்றல்ல. வாராவாரம் ஒரே அளவாக இருக்கட்டும், ஒருவாரம் கட்டு கட்டாக, மறுவாரம் சுத்தமாக இல்லை என்று ஆட்டம் காட்டக் கூடாது. அபிக்சபான், ரிவராக்சபான் மாதிரிப் புது மாத்திரைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எதுவானாலும் சாப்பாட்டை மாற்றும் முன் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும் இதே பேச்சு, அங்கே கவலை பொட்டாசியம். நிறையத் தண்ணீரில் காயை வேகவைத்து வடித்துக் கொட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இந்த இழையில் நான் சமையல்காரன் மட்டும்.

20 ஜனவரி
காய் கூட்டியதிலிருந்து வயிறு உப்புகிறது என்கிறவர்களே, நாளுக்கு 30 கிராம் நார்ச்சத்து என்று இந்த ஊரில் சொல்கிறார்கள் என்பதற்காகத் திங்கட்கிழமையே 30-க்குத் தாவாதீர்கள். மெல்ல ஏற்றுங்கள், தண்ணீரும் குடியுங்கள். நார்ச்சத்து மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். பெருங்குடல் புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கிறது, சர்க்கரை ஏறும் வேகத்தையும் தணிக்கிறது. கொலஸ்ட்ரால்காரருக்கும் ஒரு லாபம் உண்டு. கத்திரிக்காய், வெண்டைக்காய், பருப்பு இவற்றிலிருக்கும் கரையும் நார் கொஞ்சம் கொலஸ்ட்ராலை வெளியே இழுத்துக்கொண்டு போகும். பாரிசில் நம் கடைகள் இருக்கும் லா ஷப்பேலில் நல்ல வெண்டைக்காய் கிடைக்கிறது, விலையைப் பார்த்தால்தான் நெஞ்சு வலிக்கும்.

9 பிப்ரவரி
பிள்ளைகள் காய் தொடுவதில்லை என்ற பேச்சுக்கு. என் பையன் பள்ளிக்கூட காந்தீனில் (கேண்டீன்) சாப்பிடுகிறான். 2018-ல் பிரான்சில் வந்த எகலிம் என்ற உணவுச் சட்டப்படி 2019 நவம்பரிலிருந்து பள்ளி காந்தீன்களில் வாரத்துக்கு ஒரு நாள் இறைச்சியும் மீனும் இல்லாத சாப்பாடு கட்டாயம். முதலில் சோதனையாக வைத்தார்கள், 2021-ல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நாளில் தட்டில் வருவது பலசமயம் ஆம்லெட், சீஸ் போட்ட பாஸ்தா, அல்லது நம் கீஷ். இறைச்சி போனது, காய் வரவில்லை.

வீட்டில் அவனைத் துண்டு போடச் சொன்னேன். கத்தியைக் கொடுத்ததும் கூர்ஜெத்தை ஒரே கனத்தில் வட்டம் வட்டமாக அரிந்து வரிசையாக அடுக்கினான், ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து எத்தனையாவது சுற்று என்று எண்ணிக்கொண்டு. சாப்பிடும்போது அம்மாவிடம் ‘நான் வைத்தது’ என்று காட்டிவிட்டு இரண்டு வட்டத்தைச் சாப்பிட்டான். மீதியை ஒதுக்கினான். பரவாயில்லை. ஒரு காயைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டு பத்துத் தடவையாவது அதன் முன்னால் வரவேண்டும் என்கிறார்கள். கட்டாயப்படுத்தினால் அந்த எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பது என் வீட்டு அனுபவம்.

அரைத்து ஒளித்து வைப்பது எனக்குப் பிடிக்காது. வயிற்றுக்குள் போகும், சரி. பிள்ளைக்கு அந்தக் காயைத் தெரியாமலே போய்விடும்.

10 பிப்ரவரி
‘எங்கள் வீட்டில் அரைத்து ஊற்றித்தான் நாலு வருஷம் ஓட்டினோம், இப்போது எல்லாம் சாப்பிடுகிறாள்.’ லியோன் அக்கா எழுதியிருக்கிறார். சரி அக்கா, மேலே எழுதிய கடைசி வரியை அவ்வளவு அழுத்திச் சொல்லவேண்டாம்தான். அவரவர் வீட்டு நிலைமை.

27 ஏப்ரல்
ஆஸ்பரகஸ் (ஒரு இளந்தண்டுக் காய்) வந்துவிட்டது. ஜூன் வரை கிடைக்கும். பச்சையாக இருப்பதை வாங்குங்கள். அடித்தண்டை இரண்டு கையாலும் வளைத்தால் நாரும் இளசும் சேரும் இடத்தில் தானே ஒடியும். கொதிநீரில் மூன்று நிமிஷம், எடுத்துப் பச்சைத்தண்ணீரில் போட்டு, துணியால் ஒற்றி, மாவுத்தட்டு இல்லாத கீஷ் கலவையில் படுக்கவைத்துச் சுடுங்கள். கூடவே பட்டாணி. இந்தக் காய்க்கு சீஸை இன்னும் குறைக்கலாம், இல்லாவிட்டால் அதன் வாசனை அமுங்கிவிடும்.

கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். ஞாயிறு ஒரு தட்டு சுட்டு மூன்று நாளுக்கு எடுத்துப்போகிறாராம், மற்ற நாள் பூலான்ஜெரியில் கீஷ்-சாலட் தட்டு, சாலட்டை முதலில் சாப்பிட்டுவிடுகிறார். நல்லது. அந்த சாலட் மூன்று இலை அலங்காரம் என்றால் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை அடுத்த மாதமாம். முடிவைத் தெரிவித்தால் சந்தோஷம்; மாத்திரை எழுதினால் அதைக் கீஷ் மேல் பழி போடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நம் உடம்பே செய்வது.

28 ஏப்ரல்
சுட்ட கீஷை ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சுட்டதும் ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள். மாவுத்தட்டு உள்ளதை மைக்ரோவேவில் சூடாக்கினால் தோலாகிவிடும், ஓவனில் 150 டிகிரியில் பத்து நிமிஷம். மாவுத்தட்டு இல்லாதது மைக்ரோவேவுக்குப் பயப்படாது. ஃப்ரீசரில் லீக்ஸ் தாங்கும், கூர்ஜெத் தாங்காது. கரையும்போது மறுபடி அழும்.